காப்பிச் சுவைக்கு உரியவர் யார்?

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ இவ்வவையினர் அனைவரும் அறிந்த கதை. சென்னைக்கு வந்து சேர்ந்த கடவுள், கந்தசாமிப் பிள்ளையுடன் ஓர் ஓட்டலுக்குள் நுழைந்து காப்பி அருந்துகிறார். சுவையில் மகிழ்ந்து அந்தப் பெருமையைத் தமக்கே உரியதாக்கிக் கொள்கிறார். பிள்ளை விட்டுக்கொடுக்கவில்லை. அது கடவுளின் செயலன்று, ஓட்டல்காரன் கலந்த சிக்கரியின் செயல் என்று திருத்துகிறார். படிப்போர் சிரித்துக்கொண்டே கடந்துவிடும் இடம் இது. ஆனால் அச்சிரிப்புக்குள் ஒரு வழக்கு இருக்கிறது. ஒரு குவளைக் காப்பியின் சுவைக்கு உரியவர் யார்? படைத்தவரா, விற்றவரா? கதையில் இவ்விருவரின் உரிமையும் பேசப்படுகிறது. இருவருக்கும் நடுவே நின்றவர்கள் எவரும் அந்த மேசைக்கு வந்து சேரவில்லை.

அவ்வாறு வந்து சேராதவர்களைப் பற்றியதே இவ்வுரை. காப்பி எவ்வாறு பறிக்கப்படுகிறது, பதப்படுத்தப்படுகிறது, வறுக்கப்படுகிறது, வடிக்கப்படுகிறது என்பதை வரிசையாகப் பார்த்துக்கொண்டு சென்றால் அந்த வழக்கிற்குரிய விடை தானே கிடைத்துவிடும்.

பெயரும் குலமும்

தமிழ்நாட்டில் காப்பி என்றும் காபி என்றும் எழுதப்படுவது இலங்கைத் தமிழில் கோப்பி ஆகும். தனித்தமிழ் அன்பர்கள் குளம்பி என்றொரு சொல்லையும் வழங்கினர். நடுவே கீறிய கொட்டை, பிளவுபட்ட குளம்பை நினைவூட்டுவதால் அமைந்த பெயர் அது. செடியின் தாயகம் எத்தியோப்பிய மலைக்காடுகள். அதைப் பயிராக்கியவர்கள் யேமன் நாட்டார். 15ஆம் நூற்றாண்டில் இரவு வழிபாட்டில் உறக்கம் வராதிருக்க அங்கிருந்த சூஃபியர் இதனைப் பருகினர். 17ஆம் நூற்றாண்டில் பாபா புதன் என்ற இசுலாமியப் பெரியார் ஏழு விதைகளை மறைத்துக் கொணர்ந்து கன்னட நாட்டின் சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது வழிவழி வந்த செய்தி. அம்மலை இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேர்வராயன் மலையில் காப்பி வேர் கொண்டது. பின்னர் நீலகிரி, பழனிமலைத் தொடர், ஆனைமலை ஆகியவற்றிலும் பரவியது.

இச்செடிக்குத் தமிழ்ப் புலவர்கள் வியக்கத்தக்க ஓர் உறவும் உண்டு. தாவரவியலார் காப்பியை வைத்திருக்கும் குடும்பத்தில்தான் வெட்சியும் இருக்கிறது, நுணாவும் இருக்கிறது. ஆநிரை கவரும் திணைக்குப் பெயர் தந்த வெட்சிப்பூ, காப்பிப் பூவுக்கு உறவு. தொல்காப்பியர் வெட்சியைக் குறிஞ்சிக்குப் புறனாக வைத்தார். காப்பியும் மலைநிலத்துப் பயிரே. சங்கப் புலவர் எவரும் கண்டிராத செடி, அவர்கள் சூடிய பூவின் குலத்தைச் சேர்ந்தது என்பது தற்செயலான செய்திதான். ஆயினும் மறக்க இயலாத செய்தி.

காப்பிப் பூ வெள்ளை நிறம். மணம் மல்லிகையின் மணம். 1713இல் இச்செடியை ஆராய்ந்து எழுதிய பிரெஞ்சு அறிஞர் ழுஸ்யூ அதனை மல்லிகை இனத்திலேயே சேர்த்துவிட்டார். பின்னர் வந்த லின்னேயஸ் அதற்குத் தனிப்பெயர் அளித்தார். கோடையின் தொடக்கத்தில் மொட்டுகள் தண்டை ஒட்டி அசையாது காத்திருக்கும். ஒரு நல்ல மழை பெய்ய வேண்டும். தோட்டக்காரர்கள் அதனைப் பூ மழை என்பர். மழை பெய்த எட்டு முதல் பத்து நாட்களில் மலைச்சரிவு முழுவதும் ஒரே வேளையில் வெளுக்கும். இரண்டு மூன்று நாட்களில் எல்லாம் உதிர்ந்துவிடும். பூத்திருக்கும் நாளில் கனமழை வந்தாலும் கேடு. மொட்டுக் காத்திருக்கும் நாளில் மழை வாராவிடினும் கேடு. சுவையின் முதற் கணக்கு வானத்தின் கையில் இருக்கிறது. இந்த அளவில் கடவுளின் வாதத்திற்கு இடமுண்டு.

பறிக்கும் கை

பூ உதிர்ந்தபின் அராபிகா பழுக்க எட்டு ஒன்பது மாதங்கள் ஆகும். ரொபஸ்டாவுக்கு இன்னும் இரண்டு மாதங்கள் கூடுதலாக வேண்டும். அராபிகா உயரமான மலைகளுக்கு உரியது. நறுமணமும் மென்மையான புளிப்பும் உடையது. ரொபஸ்டா தாழ்ந்த மலைகளில் வளர்வது. திடமும் கசப்பும் மிக்கது. அராபிகாவின் எடையில் காஃபீன் ஏறத்தாழ 1.2 விழுக்காடு. ரொபஸ்டாவில் ஏறத்தாழ அதன் இருமடங்கு. தென்னிந்தியத் தோட்டங்களில் இவை இரண்டும் வெட்டவெளியில் வளர்வதில்லை. சில்வர் ஓக், பலா, கல்யாண முருங்கை ஆகியவற்றின் நிழலிலேயே வளர்கின்றன. அந்த மரங்களின் மேல் மிளகுக் கொடி ஏறியிருக்கும்.

ஒரே கிளையில் பச்சைக் காயும் மஞ்சள் செங்காயும் செம்பழமும் அருகருகே இருக்கும். பழம் மட்டுமே பறிக்கப்பட வேண்டும். பச்சைக் காய் துவர்ப்பையும், மிகைப்பழம் புளித்த நாற்றத்தையும் கொடுக்கும். ஆதலால் ஒரு செடிக்குப் பல முறை திரும்பி வர வேண்டியுள்ளது. சரிவில் ஒரு காலை ஊன்றி, இடுப்பில் கூடையோ பையோ கட்டி, ஒரு கையால் கிளையை வளைத்து, மறு கையால் சிவந்ததை மட்டும் திருகி எடுக்க வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு முரண் கவனிக்கத்தக்கது. எடைக்குக் கூலி என்ற கணக்கில் பறிப்பு நடக்குமாயின், பச்சைக் காயும் எடை தரும். பழமும் எடை தரும். கிளையை ஒரே உருவாக உருவினால் கூடை விரைவில் நிறையும். காயை விட்டுப் பழத்தை மட்டும் எடுக்கும் கை, தன் கூலியில் ஒரு பகுதியை ஒவ்வொரு கிளையிலும் விட்டுச் செல்கிறது. குவளையில் துவர்ப்பு இல்லையென்றால் எங்கோ ஒருத்தி அந்த இழப்பை ஏற்றிருக்கிறாள் என்பது பொருள். தோட்டம் பழத்திற்குத் தனி விலை தந்திருந்தாலன்றி அந்த இழப்பு அவளுடையதே.

ஏறத்தாழ ஐந்தாறு கிலோ பழத்திலிருந்து ஒரு கிலோ பச்சைக் கொட்டை கிடைக்கும். வறுக்கும்போது அதிலும் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஒரு குவளைக் காப்பிக்குப் பத்து கிராம் பொடி என்று கொண்டால், அது ஏறத்தாழ 40 பழங்களின் கொட்டைகள். நாற்பது முறை ஒரு கை தேர்ந்தெடுத்திருக்கிறது.

நீரும் வெயிலும்

பறித்த பழத்தைப் பதப்படுத்த இரு வழிகள் உள்ளன. ஒன்று ஈர முறை, மற்றொன்று உலர் முறை. காப்பித்தூள் கடைகளின் பலகையில் காணப்படும் சொற்கள் இந்த வேறுபாட்டைக் குறிப்பனவே. ஈர முறையில் வந்த அராபிகா ‘பிளாண்டேஷன்’. ஈர முறையில் வந்த ரொபஸ்டா ‘பார்ச்மென்ட்’. எதுவாயினும் பழமாகவே உலர்த்தப்பட்டது ‘செர்ரி’. சில பழங்களில் இரண்டு கொட்டைகளுக்குப் பதிலாக ஒன்றே உருண்டு திரண்டிருக்கும். அது ‘பீபெரி’. அன்றாடம் இச்சொற்களைச் சொல்லிப் பொடி வாங்குவோர் பலர். அவற்றுக்குள் நீரும் வெயிலும் இருப்பதை எண்ணுவோர் சிலர்.

ஈர முறையில் பழம் பறித்த அன்றே பல்பர் இயந்திரத்திற்கு வந்துவிட வேண்டும். நீரில் இட்டால் சொத்தையும் பதரும் மிதக்கும், அவை நீக்கப்படும். இயந்திரத்தின் இடைவெளி சற்றுக் குறுகினால் கொட்டை வெட்டுப்படும். சற்று அகன்றால் தோல் உரியாமல் பழம் அப்படியே வெளிவரும். அன்றன்றைய பழத்தின் பருமனைப் பார்த்து இடைவெளியைத் திருத்துபவர் ஒருவர் அங்கே நிற்பார்.

தோல் நீங்கிய கொட்டையின் மேல் வழவழப்பான பசை ஒன்று ஒட்டியிருக்கும். அது தண்ணீரில் கரையாது. கொட்டைகளைத் தொட்டியில் குவித்து விட்டுவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் பழத்திலேயே உள்ள நொதிகளும் அப்பசையைச் சிதைக்கின்றன. அராபிகாவுக்கு இதற்கு ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை நாள் ஆகும். குளிர்ந்த மலையில் இன்னும் நேரம் வேண்டும். வெப்பமான நாளில் விரைந்து முடியும். நேரம் குறைந்தால் பசை தங்கி உலர்களத்தில் பூஞ்சை பிடிக்கும். மிகுந்தால் புளித்து அழுகிய வாடை கொட்டையின் உள்ளே ஏறிவிடும். அவ்வாறு கெட்ட ஒரு சில கொட்டைகள் ஒரு மூட்டையையே கெடுக்கவல்லவை.

இதற்குக் கடிகாரம் துணை செய்யாது. துணை செய்வது கை. தொட்டியிலிருந்து ஒரு பிடி அள்ளி, நீரில் அலசி, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார்கள். வழுக்கினால் இன்னும் ஆகவில்லை. கூழாங்கற்களைப் போலச் சொரசொரத்து ஒலித்தால் ஆகிவிட்டது. நள்ளிரவானாலும் அப்பொழுதே கழுவியாக வேண்டும். தமிழில் பதம் என்னும் சொல்லுக்குச் சொல் என்றும் பொருள், பக்குவம் என்றும் பொருள். தொட்டியருகே நிற்பவர் தேடுவதும் பதமே.

கழுவிய நீர் எங்கே போயிற்று என்ற கேள்வியையும் இங்கே மறைக்கலாகாது. பழத்தின் சர்க்கரையும் அமிலமும் கலந்த அந்த நீர் அப்படியே ஓடையில் விடப்பட்டால், ஓடையின் உயிர்க்காற்றை உண்டுவிடும், மீன் சாகும், கீழே உள்ள ஊரில் நீர் நாறும். இதற்காகவே நீரைத் தேக்கிச் சுத்திகரிக்கும் குட்டைகளும், குறைந்த நீரில் பசையை உரசி நீக்கும் இயந்திரங்களும் வந்துள்ளன. தூய சுவை என்று பாராட்டப்படும் ஈர முறைக் காப்பிக்கு ஓடைகளும் விலை கொடுத்திருக்கின்றன.

கழுவிய கொட்டை மெல்லிய ஓட்டுடன் களத்திற்கு வருகிறது. ஏழு முதல் பத்து நாள் வெயில். பரப்பு சீராக இருக்க வேண்டும். அடிக்கடி கிளறிவிட வேண்டும். உச்சி வெயிலில் ஓடு வெடித்துவிடாமல் குவிக்க வேண்டும். மாலையில் பனி படாமல் மூட வேண்டும். ஈரப்பதம் ஏறத்தாழ 10 விழுக்காட்டுக்கு வந்தால் போதும். இன்று அதற்கு அளவுமானி உண்டு; முன்பு கொட்டையைப் பல்லால் கடித்துப் பார்த்தனர்.

உலர் முறை பழமையானது, பார்வைக்கு எளியது. பழத்தை அப்படியே இரண்டு வாரம் வெயிலில் காயவைத்து, கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே கொட்டை கலகலக்கும் வரை காத்திருப்பது. பழத்தின் இனிப்பு கொட்டையோடு சேர்ந்தே உலர்வதால் அந்தக் காப்பிக்குக் கனம் மிகுதி. நீர் அரிதான இடத்திற்கு இதுவே பொருந்தும். ஆயின் ஒரு மழை போதும், களம் முழுவதும் பூஞ்சை பிடிக்க.

மழையையே பயன்படுத்திக்கொண்ட கதையும் உண்டு. பாய்மரக் கப்பல்கள் ஆப்பிரிக்க முனையைச் சுற்றி ஐரோப்பா செல்ல மாதக்கணக்கில் ஆன காலத்தில், கடற்காற்றின் ஈரத்தில் காப்பிக்கொட்டை பருத்து, வெளிறி, புளிப்பு நீங்கிப் போய்ச் சேர்ந்தது. வாங்கியவர்கள் அச்சுவைக்குப் பழகிவிட்டனர். பயணம் சுருங்கியபின் அந்தச் சுவை மறைந்தது. அவர்கள் அதையே கேட்டனர். அதற்காக மங்களூர்க் கரையில், பக்கங்கள் திறந்த கிடங்குகளில் தென்மேற்குப் பருவக் காற்று படும்படி கொட்டையைப் பரப்பிப் புரட்டி ஊறவைக்கும் முறை உருவாயிற்று. இன்று ‘மான்சூன்டு மலபார்’ என்று உலகச் சந்தையில் பெயர் பெற்றது அதுவே. பயணத்தின் குறை ஒரு கலையாக மாறியதற்கு இது சான்று.

களத்திலிருந்து ஆலைக்குப் போகும் கொட்டை ஓடு நீக்கி, மெருகேற்றி, சல்லடையில் அளவு பிரிக்கப்படும். இயந்திரம் செய்து முடித்தபின்னும் மனிதக் கண் வேண்டியிருந்தது. நீண்ட மேசைகளின் முன் வரிசையாக அமர்ந்த பெண்கள் கறுத்ததும் உடைந்ததும் பூச்சி அரித்ததுமான கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிவர். நிறம் பிரிக்கும் மின்பொறிகள் வந்தபின் அவர்களின் எண்ணிக்கை குறைந்தது. நல்ல கொட்டை எது என்பதை அந்தப் பொறிக்குக் கற்பித்தது அவர்கள் கண்தான்.

நெருப்பு

இவ்வளவும் கடந்து வந்த பச்சைக் கொட்டைக்குக் காப்பி மணம் கிடையாது. மணக்கச் செய்வது நெருப்பு. தமிழ் வீடுகளில் ஒரு காலத்தில் கைப்பிடி வைத்த இரும்பு உருளையைக் கரியடுப்பின் மேல் சுழற்றி வறுத்தனர். மேசை விளிம்பில் திருகிய கை இயந்திரத்தில் அரைத்தனர். தெருவில் மூன்று வீடு தள்ளியும் மணம் வரும்.

உருளைக்குள் நடப்பது இது. முதலில் நீர் ஆவியாகிறது. கொட்டை மஞ்சளாகி வைக்கோல் மணம் தருகிறது. பின்னர் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் கூடி, ரொட்டி சுடும் மணம் போன்ற ஒன்றை எழுப்புகின்றன. ஏறத்தாழ 200 பாகை வெப்பத்தில் உள்ளிருக்கும் ஆவியும் வாயுவும் முட்டிக் கொட்டை ‘பட்’டென்று வெடிக்கிறது. இதுவே முதல் வெடி. மேலும் சூடேறினால் மெல்லிய இரண்டாம் வெடி கேட்கும். எண்ணெய் மேலே கசியும். அதற்குமேல் போனால் மிஞ்சுவது கரி. வறுத்த கொட்டையில் 800க்கும் மேற்பட்ட ஆவியாகும் மணப்பொருள்களை வேதியியலார் இனங்கண்டுள்ளனர். அவற்றுள் பெரும்பாலானவை அந்தச் சில நிமிடங்களில் பிறந்தவை. ஆனால் அவை பிறப்பதற்குரிய சர்க்கரையும் அமிலமும் பழுத்த பழத்தில் இருந்தால்தான் உண்டு. நெருப்பு வெறுங்கையிலிருந்து எதையும் படைப்பதில்லை.

வறுப்பவர் அறிய வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஒரு கட்டத்திற்குப் பின் கொட்டை தானே வெப்பத்தை வெளியிடத் தொடங்குகிறது. அடுப்பிலிருந்து இறக்கினாலும் உள்ளே வறுபடுவது நிற்காது. ஆகவே வேண்டிய நிறம் வருவதற்குச் சற்று முன்னரே இறக்கி, முறத்தில் கொட்டி விசிற வேண்டும். நிறுத்துமிடம் அறிவது தொடங்குமிடம் அறிவதைவிடக் கடினம் என்பதைக் கவிஞர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

கவிஞர் என்றதும் மற்றொரு செய்தியும் நினைவுக்கு வருகிறது. காப்பியில் உறக்கத்தைக் கெடுக்கும் பொருள் எது என்று ஆராயும்படி கொட்டைகளைக் கொடுத்துத் தூண்டியவர் ஜெர்மானியப் பெருங்கவிஞர் கதே. பெற்றுக்கொண்டவர் ரூங்கே என்ற இளம் வேதியியலார். 1819இல் அவர் காஃபீனைப் பிரித்தெடுத்தார். காப்பி குடித்த கவிஞர் பலர். அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்ட கவிஞர் ஒருவர் இருந்தார்.

சிக்கரியின் வழக்கு

இனிக் கந்தசாமிப் பிள்ளையின் வாதத்திற்கு வரலாம். சிக்கரி என்பது நீல மலர் பூக்கும் ஒரு செடியின் கிழங்கு. நறுக்கி, உலர்த்தி, வறுத்து அரைத்தால் கருஞ்சிவப்புப் பொடியாகும். காப்பிக்கு இது எவ்வகையிலும் உறவன்று. இதில் காஃபீன் இல்லை. 1806இல் நெப்போலியன் ஆங்கிலேய வணிகத்தைத் தடுத்தபோது பிரான்சில் காப்பி அரிதாகி, அதன் இடத்தைச் சிக்கரி பிடித்தது. இந்தியாவில் குஜராத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் பயிராகிறது. காப்பித்தூளில் 49 விழுக்காடு வரை சிக்கரி கலக்கச் சட்டம் இடம் தருகிறது. எவ்வளவு கலந்தது என்பதை உறையில் அச்சிட வேண்டும்.

சிக்கரி நிறம் தரும்; கனம் தரும்; ஒரு வகை இனிப்பும் தரும். பாலுடன் சேரும்போது அந்தக் கனத்தை விரும்பிக் கேட்போர் பலர் உள்ளனர். அது சுவையின் தேர்வு, குற்றமன்று. குற்றமாவது, மட்டமான கொட்டையை மூடி மறைக்கச் சேர்க்கும்போது. மலையில் ஒருவர் விட்ட பிழையையும் கிடங்கில் ஒருவர் செய்த களவையும் சிக்கரி ஒருசேர மறைத்துவிடும். அதே போல் மலையில் ஒருத்தி காட்டிய கவனத்தையும் மறைத்துவிடும். பிள்ளை ஓட்டல்காரனைச் சுட்டியது சரியே. ஆனால் மூடியவனைக் கண்டுகொண்டவர், மூடப்பட்டவர்களைக் கேட்கவில்லை.

வடிப்பு

வடிப்பதே காப்பியின் கலை என்று எண்ணுவது தமிழ் வீடுகளின் வழக்கம். இரண்டு அடுக்குப் பாத்திரம். மேலடுக்கின் அடியில் நுண்துளைகள். பொடியின் மேல் வைக்க, தண்டு பொருந்திய வட்டத் தட்டு. பொடியை மிக அழுத்தினால் நீர் இறங்காது. தளர விட்டால் நீர் அவசரமாக ஓடிவிடும். புதிய பொடியில் கொதிநீர் பட்டதும் நுரைத்து எழும். வறுக்கும்போது கொட்டைக்குள் சிறைப்பட்ட கரியமில வாயு வெளியேறுவதே அந்த நுரை. பழைய பொடி எழாது. பின்னர்ச் சொட்டுச் சொட்டாகக் கால்மணி, இருபது நிமிடம்.

பொடியின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீரில் இறங்கினால் போதும். முதலில் இறங்குபவை புளிப்பும் நறுமணமும். அடுத்து இனிமை. கடைசியில் கசப்பும் துவர்ப்பும். முதல் டிகாக்ஷனின் பெருமையும் இரண்டாம் டிகாக்ஷனின் இரங்கத்தக்க நிலையும் இதிலிருந்து விளங்கும். இறங்கிய டிகாக்ஷனை மீண்டும் கொதிக்க வைத்தால் மணம் ஆவியோடு போய்விடும். சூடான பால்தான் அதனிடம் வர வேண்டும். பாலின் புரதம் துவர்ப்பைப் பற்றிக்கொண்டு நாவுக்கு எட்டாமல் தணிக்கிறது. டபராவுக்கும் டம்ளருக்கும் இடையே ஆற்றும்போது நுரை எழுகிறது. சூடு நாவுக்கு ஏற்றதாகிறது.

இந்தக் கடைசிக் கட்டத்தைத் தமிழ் எத்துணை அன்போடு பேசியிருக்கிறது! திடம், கள்ளிச்சொட்டு, டிகிரி, தூக்கல், ஆற்றல் என்று எத்தனை சொற்கள்! நாவல்களில், சிறுகதைகளில், திண்ணைப் பேச்சுகளில் காப்பி மணக்கிறது. ஆயினும் ஓர் உண்மையை மறுக்க முடியாது. வடிப்பவர் எதையும் புதிதாகச் சேர்ப்பதில்லை. பொடியில் இருப்பதைக் காப்பாற்றலாம், அல்லது இழக்கலாம். பதப்படுத்தலின் ஒவ்வொரு கட்டத்திற்கும் இதே சட்டந்தான். பின்வருபவரால் கெடுக்க முடியும். முன்னவர் கெடுத்ததைத் திருத்த முடியாது. சுவை முழுவதும் இழக்காமல் கைமாற்றிக் கொடுக்கப்பட்ட ஒன்று.

கோப்பி மலை

அந்தக் கைகளைத் தமிழ் இலக்கியம் பாடவில்லையா? பாடியது. அதுவும் முதலிலேயே பாடியது. பட்டணத்து ஓட்டல்களில் காப்பி மணப்பதற்கு முன்பே இலங்கை மலைகளில் தமிழர்கள் கோப்பி பறித்துக்கொண்டிருந்தனர். 1830களிலும் 1840களிலும் அங்கே கோப்பித் தோட்டங்கள் பெருகின. இராமநாதபுரம், மதுரை, புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சைப் பகுதிகளிலிருந்து கங்காணிகளின் பின்னே மக்கள் கடல் கடந்தனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டவர் ஏராளம். கோப்பிக்கு அறுவடைக் காலத்தில்தான் ஆள் மிகுதியாக வேண்டும். ஆகவே பழம் முடிந்ததும் அதே வழியில் பலர் திரும்பி நடந்தனர்.

1869இல் ஆபிரகாம் ஜோசப் என்பவர் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ என்னும் நூலை வெளியிட்டார். பெண்கள் கைகொட்டிச் சுற்றி ஆடும் கும்மியில் ஒரு பயிரின் நூல். மலையகத் தமிழ் இலக்கிய வரலாறு எழுதுவோர் தொடக்கத்தில் குறிப்பிடும் நூல்களுள் ஒன்று இது. அதே 1869ஆம் ஆண்டில்தான் இலங்கைக் கோப்பி இலையின் அடியில் படிந்த செம்மஞ்சள் தூள் ஒரு புதிய பூஞ்சை என்று ஆங்கிலேய அறிஞர் பெர்க்லி அறிவித்தார். அதுவே இலைத்துரு நோய். கும்மி அச்சேறிய ஆண்டிலேயே பயிருக்கு மரண ஓலை வந்துவிட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி மலைகள் தேயிலை மலைகளாயின. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். திரும்பி நடப்பது நின்றது. மக்கள் அங்கேயே நிலைத்தனர். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டவர்களும், 1964 ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களும் அவர்கள் வழிவந்தவர்களே.

கும்மி பயிரைப் பாடியது. ஆட்களைப் பாடியது வேறொரு வாய். மலையக நாட்டார் பாடல்களுள் புகழ்பெற்ற ஒன்று, கோப்பிக் கன்று நட்ட அந்த மலையிலேயே உடன்பிறந்தவனை இழந்ததைச் சொல்கிறது. இயற்றியவர் பெயர் இல்லை. கோப்பி அழிந்து நூறாண்டுகள் கழிந்த பின்னும், தேயிலைக் கூடை சுமந்தவர்களின் வாயில் அது கோப்பி மலையாகவே இருந்தது. பயிர் மாறிவிட்டது, இழப்பு மாறவில்லை.

பின்னாளில் சமவெளியில் காப்பி பரவியபோது அது நடுத்தர வர்க்கத்தின் பானமாயிற்று. காப்பி கிளப்புகளில் சாதி பார்த்து இடம் பிரித்தனர். அந்த வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ (2000) விரித்துரைக்கிறது. அவ்வாறு பிரிந்த மேசைகளின் முன் அமர்ந்து எழுதப்பட்ட இலக்கியத்தில் காப்பி டம்ளரில் தொடங்கி டம்ளரிலேயே முடிந்தது. மலையில் தொடங்கிய பாட்டு மலையிலேயே நின்றுவிட்டது.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வழக்கிற்கு விடை கூறலாம். மழை பெய்யச் செய்தவர் கடவுளாயின் அவருக்கு ஒரு பங்கு உண்டு. கலந்தவனாயினும் பாலைச் சூடாக வைத்திருந்த ஓட்டல்காரனுக்கும் ஒரு பங்கு உண்டு. பச்சைக் காயைக் கிளையில் விட்டுவந்தவள், நள்ளிரவில் கொட்டையைத் தேய்த்துப் பார்த்தவர், பனி இறங்குமுன் களத்தை மூடியவர், மேசை முன் அமர்ந்து கறுப்புக் கொட்டையைப் பொறுக்கியவள், நிறம் வருமுன் உருளையை இறக்கியவர் ஆகிய இவர்களே பெரும்பங்குக்கு உரியவர்கள். இவர்கள் செய்த வேலையின் சிறப்பு, அது குவளையில் தெரியாமலிருப்பதே. தவறு செய்திருந்தால் மட்டுமே இவர்கள் நாவுக்குத் தெரிந்திருப்பார்கள்.

பத்தாண்டுகளாகக் கவிதையைப் பேசிவரும் இவ்வட்டத்தில் காப்பி இல்லாத கூட்டம் நடந்ததில்லை. இவ்வவையின் கவிஞர்கள் அடுத்த முறை காப்பியைப் பாடும்போது டம்ளரின் விளிம்பில் நின்றுவிடாமல், பார்ச்மென்ட் என்ற சொல்லையும் களம் என்ற சொல்லையும் கோப்பி மலை என்ற சொல்லையும் தொட்டுத் தேய்த்துப் பார்க்க வேண்டும். உள்ளங்கையில் அவை சொரசொரக்கும்.